நேற்று ராத்திரி இந்த வீட்டில் யார் யார் படுத்திருந்தீர்கள்?

எங்கள் தெருவுக்கு இரண்டு வருடமாக, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, தாய்சேய் நலக் கணக்கெடுப்பு என்று ஆட்கள் வருகிறார்கள். மிக்ஸி வாங்கினால் நாலு வரி எழுதுகிறோம், பிரியாணி சாப்பிட்டால் எழுதுகிறோம். வாசல் வரைக்கும் வந்து விரல் நுனியில் ரத்தம் எடுத்து, பிள்ளையை எடை போட்டு, சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிற ஒரு சேவையைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

நான் சென்னை புளியந்தோப்பில் இருக்கிறேன். வயது 53. வாசலில் தையல் மெஷின் போட்டு ப்ளவுஸ், பாவாடை, பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறேன். பகலெல்லாம் வாசலிலேயே உட்கார்ந்திருப்பதால் எங்கள் சந்துக்குள் யார் நுழைந்தாலும் முதலில் என்னிடம்தான் வழி கேட்பார்கள். கணக்கெடுப்புப் பிள்ளைகள் வந்த எட்டுச் சுற்றிலும் நான் இருந்தேன். மருமகளுக்கு ஒரு பிரசவம், மகளுக்கு ஒரு பிரசவம், இரண்டும் இந்த இரண்டு வருடத்துக்குள்தான் நடந்தன. நல்லதையும் குறையையும் கிட்ட இருந்து பார்த்துத்தான் சொல்கிறேன். நடத்துகிற அமைப்பின் பெயரை எழுதப்போவதில்லை. வருகிறவர்கள் எல்லாம் சின்னச் சம்பளத்துக்கு வெயிலில் படி ஏறி இறங்குகிற பெண்பிள்ளைகள். குறை சொல்லி அவர்கள் பிழைப்பில் மண்ணைப் போட எனக்கு மனசு வராது.

முதலில் இது என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் தெருவிலேயே பாதிப் பேருக்குக் குழப்பம். மாநகராட்சி சுகாதார நிலையத்து நர்ஸம்மா ஒரு பக்கம் கணக்கு வைத்திருப்பார். முழுகாமல் இருக்கிறவளைப் பதிவு செய்து, 12 இலக்க எண் வாங்கிக் கொடுத்து, மாதா மாதம் பரிசோதனை, பிரசவம், குழந்தைக்குத் தடுப்பூசி என்று அந்த எண்ணை வைத்தே பின்தொடர்வார். பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் வேண்டும். அது பதிவேடு. அந்தப் பதிவேட்டுக்குள் வந்தவர்களைத்தான் அதில் பார்க்க முடியும். வராமலேயே இருக்கிறவள் எங்கே இருக்கிறாள் என்று வாசல் வாசலாகப் போய்க் கண்டுபிடிப்பதுதான் வீட்டுக் கணக்கெடுப்பு. கண்டுபிடித்தவளை நர்ஸம்மாவிடம் கொண்டு சேர்க்கவும் செய்கிறார்கள்.

இரண்டு இரண்டு பேராக வருவார்கள். கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட், தோளில் ஒரு பெரிய பை. முதலில் ஒரு காகிதத்தைப் படித்துக் காட்டுவார்கள். விருப்பமில்லை என்றால் பதில் சொல்ல வேண்டாம், நடுவில் நிறுத்திக்கொள்ளலாம் என்று அதில் இருக்கும். கையெழுத்து வாங்கிக்கொண்டு, வீட்டில் இருக்கிறவர்கள் பெயர், வயது, உறவு. அப்புறம் 15 வயது முதல் 49 வயது வரைக்குமான பெண்களிடம் தனியாகக் கேள்விகள். அப்புறம் ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள். கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இல்லாத வீடு என்றால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். இருந்தால் முக்கால் மணி நேரம்கூட ஆகும்.

இப்போது என் மகள் விஷயத்துக்கு வருகிறேன். நான் இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

அவளைக் கொடுத்தது ஆவடியில். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு வீட்டுக்கு அழைத்து வந்தோம். வந்து நான்கு நாள் இருக்கும், கணக்கெடுப்புக்கு ஒரு பெண் வந்தாள். அவசரத்தில் இருந்தாள் பாவம், மதியத்துக்குள் இன்னும் பத்து வீடு முடிக்க வேண்டுமாம். "வீட்ல நிரந்தரமா எத்தனை பேர்மா இருக்கீங்க?" என்று கேட்டாள். நான், வீட்டுக்காரர், மகன், மருமகள், பேரன் என்று ஐந்து பேரைச் சொன்னேன். மகள் உள்ளே கட்டிலில் படுத்திருந்தாள். அவளைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நிரந்தரமாக என்று கேட்டால் கட்டிக் கொடுத்த பெண்ணை யார் சொல்வார்கள்? அந்தப் பெண்ணும் எழுதிக்கொண்டு போய்விட்டாள். ஆவடியில் கணக்கெடுத்திருந்தால் அங்கேயும் "அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருக்கு" என்றுதான் மாமியார் சொல்லியிருப்பார். ஏழு மாத வயிற்றோடு ஒருத்தி இரண்டு வீட்டுக் கணக்கிலும் இல்லை.

பத்து நாள் கழித்து இன்னொரு பெண் வந்தாள், சூப்பர்வைசர். எடுத்த கணக்கு சரியா என்று பார்க்க, வந்த வீடுகளில் சிலவற்றுக்கு மறுபடியும் வருவார்களாம். நாலைந்து கேள்விதான். முதல் கேள்வி இது: "நேத்து ராத்திரி இந்த வீட்ல யார் யார் படுத்தாங்க, சொல்லுங்கம்மா."

நான் விரல் விட்டு எண்ணினேன். ஆறு பேர்.

அவள் உடனே நிமிர்ந்து, "ஆறாவது யாரும்மா?" என்றாள். மகளை எழுப்பி வாசலில் உட்கார வைத்து, முகத்தைப் பார்த்ததுமே கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். விரலில் குத்தி ரத்தம் எடுத்து, சின்ன மெஷினில் வைத்தாள். ரத்த அளவு, ஹீமோகுளோபின் என்பார்களே, அது 8.4 என்று வந்தது. கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே இருந்தாலே ரத்தசோகை, 7க்குக் கீழே போனால் ரொம்ப ஆபத்து என்று அவள்தான் சொன்னாள். மூன்றாம் மாதம் ஆவடியில் பார்த்தபோது 10.6 இருந்தது, அட்டையில் எழுதியிருந்தது. ஏழாம் மாதம் மறுபடி பார்க்க வேண்டிய சோதனை, வளைகாப்பு, வீடு மாறுவது என்று இழுபறியில் விட்டுப்போயிருந்தது. அது யார் மேலும் தப்பில்லை. ஆனால் இன்னும் இரண்டு மாதம் அப்படியே விட்டுப்போயிருக்கும்.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு என்று நாடு முழுக்க எடுக்கிறார்களே, 1992-93ல் ஆரம்பித்தது, அதில் இப்படித்தானாம். வழக்கமாக இருக்கிறவர்களோடு, முந்தின இரவு அந்த வீட்டில் தங்கிய விருந்தாளியையும் பட்டியலில் சேர்ப்பார்கள். விருந்தாளி 15 முதல் 49 வயதுக்குள் உள்ள பெண் என்றால் அவளிடமும் பேசுவார்கள். நம் ஊரில் தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது காலம் காலமாக உள்ள வழக்கம். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் கவனமாகப் பார்க்க வேண்டிய ஐந்தாறு மாதம் ஒரு பெண் இருப்பது அவள் "நிரந்தரமாக" இல்லாத வீட்டில். இதைத் தெரிந்து கேட்கிற கேள்விதான் கேள்வி. முதலில் வந்த பெண்ணின் டேப்லெட்டிலும் அந்தக் கேள்வி இருந்ததாம், அவசரத்தில் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கேட்டுவிட்டாள் என்றாள் சூப்பர்வைசர். எட்டுச் சுற்றில் நான் பார்த்த பெரிய குறை இதுதான், பெரிய நன்மையும் இதிலிருந்துதான் வந்தது.

மாத்திரை விஷயத்தையும் சொல்ல வேண்டும். "இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுறியாம்மா?" என்று கேட்டால் எல்லாப் பெண்களும் "சாப்பிடுறேன்" என்றுதான் சொல்வார்கள், பக்கத்தில் மாமியாரோ அம்மாவோ இருந்தால் கண்டிப்பாக. என் மகளும் அப்படித்தான் சொன்னாள். சூப்பர்வைசர் பெண் அதோடு விடாமல், "அட்டையை எடுத்துட்டு வா, பார்க்கலாம்" என்றாள். வந்த அட்டைகளில் முக்கால்வாசி மாத்திரை அப்படியே இருந்தது. வாந்தி வருகிறதாம், மலம் கறுப்பாகப் போகிறதாம், பயந்து விட்டுவிட்டாளாம். எப்போதாவது போட்டதும் காலை டீயோடு. டீ, காபியோடு போட்டால் இரும்புச்சத்து உடம்பில் ஒட்டாது, கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், பயப்பட ஒன்றுமில்லை, ராத்திரி சாப்பிட்ட பிறகு எலுமிச்சைச் சாற்றோடு போட்டுப் பார் என்றாள். இதை எந்த டாக்டரும் சொல்லவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். சொல்லியிருப்பார்கள், கூட்டத்தில் காதில் விழுந்திருக்காது.

சீட்டு எழுதிக் கொடுத்ததோடு, நர்ஸம்மாவுக்கும் அங்கேயே போன் போட்டாள். மறுநாளே போனோம். மாத்திரைக்கு நேரமில்லை என்று இரும்புச்சத்து ஊசியை டிரிப்ஸில் ஏற்றினார்கள், நாள் விட்டு நாள் வரச் சொல்லி நான்கு தடவை. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் சுகப்பிரசவம். பேத்தி 2 கிலோ 700. பிரசவத்துக்குப் போகும்போது ரத்தம் 10.2.

2019-21ல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 48.3 பேருக்கு ரத்தசோகை என்று வந்திருக்கிறது. அதே கணக்கெடுப்பில் நூற்றுக்கு 99.6 பிரசவம் மருத்துவமனையில் நடக்கிறது என்றும் வந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகாத பெண் நம் ஊரில் இல்லை என்றே சொல்லலாம். அப்படியும் பாதிப் பேருக்கு ரத்தம் இல்லை. ஆஸ்பத்திரி வாசலுக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவில் என்னவோ விட்டுப்போகிறது என்று இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது. மகளின் மாத்திரை அட்டை கண்முன் வந்தது.

அடுத்தது அளவெடுப்பது. இதில் எனக்குச் சொல்ல உரிமை உண்டு. முப்பது வருடமாக இன்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரைக்கும் உள்ள குழந்தைகளுக்கு மேல்கையின் சுற்றளவு எடுக்கிறார்கள். அதற்கென்று தனி நாடா உண்டு, காகிதம் மாதிரி மெலிசாக இருக்கும், சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் போட்டிருக்கும். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே சிவப்பு, அது கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. 12.5 வரைக்கும் மஞ்சள். அதற்கு மேல் பச்சை. பார்க்க எளிது, படிக்காதவர்களுக்கும் நிறம் புரியும். ஆனால் என் பேரனுக்கு, அப்போது 14 மாதம், எடுத்தபோது 12.3 என்று மஞ்சளில் நின்றது. எனக்குத் திக்கென்றது. பிள்ளை மெலிந்த வாகுதான், ஆனால் அவ்வளவு இல்லை. திரும்ப எடுக்கச் சொன்னேன். அந்தப் பெண் எடுக்கும்போது உற்றுப் பார்த்தேன். பிள்ளை திமிறுகிறான் என்று கையை மடக்கிப் பிடித்திருந்தாள், நாடாவைச் சதையில் அழுந்த இழுத்திருந்தாள், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் வைக்காமல் கொஞ்சம் கீழே இறக்கி வைத்திருந்தாள்.

ப்ளவுஸுக்குக் கை லூஸ் எடுக்கும்போது டேப்பை இறுக்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கால் இன்ச் போய்விடும், தைத்த பிறகு கை நுழையாது. "பாப்பா, டேப் தோலைத் தொடணும், அழுத்தக் கூடாது" என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பயிற்சியில் இதையேதான் சொன்னார்கள் ஆன்ட்டி, பிள்ளை அழுததும் பதறிவிட்டேன் என்றாள். நான் பேரனை மடியில் வைத்து, அவன் கையில் ஒரு காலி நூல்கண்டைக் கொடுத்து, இடது கையைத் தளர்வாகத் தொங்கவிட்டேன். அவள் தோள் முனையிலிருந்து முழங்கை முனை வரைக்கும் அளந்து, நடுவில் பேனாவால் புள்ளி வைத்து, நாடாவைச் சுற்றினாள். 12.8. இன்னொரு தடவை, 12.8. பச்சை. எனக்கு உயிர் வந்தது.

இதை அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எழுதவில்லை. அரை சென்டிமீட்டரில் ஒரு பிள்ளை நிறம் மாறுகிறது. என் பேரன் விஷயத்தில் தப்பு பயமாக முடிந்தது. நாடா தொளதொளவென்று இருந்து மஞ்சளில் இருக்கிற பிள்ளை பச்சை என்று வந்திருந்தால் அந்த வீட்டில் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள், அதுதான் எனக்குக் கவலை. ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு தடவை எடுக்க வேண்டும் என்று அவர்களிடம் சொன்னேன். அதற்கு அடுத்த சுற்றிலிருந்து இரண்டு தடவை எடுக்கிறார்கள். நான் சொன்னதாலா, மேலிடத்தில் சொன்னார்களா தெரியாது.

எடையிலும் இதே கதைதான். தொங்கு தராசை உத்தரத்தில் மாட்டி, துணித் தொட்டிலைப் போட்டு, முள்ளைச் சைபருக்குக் கொண்டுவந்த பிறகுதான் பிள்ளையை வைக்க வேண்டும். கொலுசு, வெள்ளி அரைஞாண், டயபர் எல்லாம் கழற்ற வேண்டும். நனைந்த டயபர் மட்டுமே கால் கிலோ வரும். கொலுசைக் கழற்றுவது சகுனம் இல்லை என்று பாட்டிமார் சிலர் மறுப்பார்கள், அதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள்.

கேள்வி கேட்கிற மொழியைப் பற்றி நல்லதாகவே சொல்ல வேண்டும், இரண்டாவது வருடத்தில் ரொம்பத் தேறியிருக்கிறார்கள். முதல் சுற்றில் "பேறுகால முன்கவனிப்பு எத்தனை முறை பெற்றீர்கள்" என்று டேப்லெட்டில் இருப்பதை அப்படியே படித்தார்கள். மருமகள் என் முகத்தைப் பார்த்தாள், நான் அவள் முகத்தைப் பார்த்தேன். இப்போது "மாசமா இருக்கும்போது எத்தனை தடவை செக்கப்புக்குப் போனீங்க" என்கிறார்கள். சர்க்கரை சோதனைக்கு, "குளுக்கோஸ் தண்ணி குடிக்க வெச்சு, ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுத்தாங்களா" என்கிறார்கள். 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து, குமட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை எந்தப் பெண்ணும் மறக்க மாட்டாள். உடனே பதில் வருகிறது.

தாய்ப்பால் கேள்வியும் அப்படித்தான். ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான் கொடுத்தீர்களா என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள், அதுதான் சரியான பதில் என்று எல்லாருக்கும் தெரியும். இவர்கள் வேறு மாதிரி கேட்கிறார்கள். நேற்றுப் பகலிலும் ராத்திரியிலும் பிள்ளை வாய்க்கு என்னென்ன போச்சு? தண்ணி? சர்க்கரைத் தண்ணி? தேன்? கிரைப் வாட்டர்? உரை மருந்து? கழுதைப்பால்? ஒவ்வொன்றாகக் கேட்கும்போதுதான் "கொஞ்சூண்டு வெந்நீர்... உரை மருந்து ஒரு சங்கு..." என்று வருகிறது. பேத்திக்கு உரை மருந்து கொடுத்தது நான்தான். கேள்வியைக் கேட்டபோது சொல்லிவிட்டேன். திட்டவில்லை, ஏன் கூடாது என்று சொன்னார்கள், நிறுத்திவிட்டேன்.

மருமகள் விஷயம் வேறு விதம். அவள் தாய்வீடு திண்டிவனம் பக்கம் ஒரு கிராமம். பிரசவம் அங்கே. மூன்று மாதம் முடிந்து பேரனோடு வந்தாள், தடுப்பூசி அட்டையை அங்கேயே மறந்துவிட்டு வந்தாள். கணக்கெடுப்புப் பெண் அட்டை எங்கே என்றாள். இல்லை என்றதும் அட்டை இல்லை என்று எழுதினாள். ஆறாவது வாரம் ஊசி போட்டதா, பத்தாவது வாரம் போட்டதா என்று மருமகளைக் கேட்டால், "தொடையில ரெண்டு பக்கமும் போட்டாங்க, வாய்ல சொட்டு விட்டாங்க" என்கிறாள், அது எத்தனையாவது என்று தெரியவில்லை. எந்தத் தாய்க்கும் தெரியாது. 6, 10, 14 வாரம், அப்புறம் ஒன்பதாம் மாதம் தட்டம்மை ரூபெல்லா, அப்புறம் ஒன்றரை வயதில் என்று வரிசையாக இருக்கும்போது ஞாபகத்தை நம்ப முடியாது. நல்ல வேளை, மகன் அட்டையை போனில் படம் எடுத்து அனுப்பச் சொன்னான். அதிலிருந்த 12 இலக்க எண்ணை வைத்து நர்ஸம்மா கிராமத்து நர்ஸோடு பேசி, 14 வார ஊசி பாக்கி என்று கண்டுபிடித்து, அந்த வாரம் புதன்கிழமையே போட்டார். கிராமத்து வீட்டையும் எங்கள் வீட்டையும் சேர்த்துக் கட்டியது அந்த எண்தான். இதைப் படிக்கிற பெண்கள் தாய்வீட்டுக்குக் கிளம்பும்போதும் திரும்பும்போதும் அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு போட்டோவும் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பி வையுங்கள்.

இனி எனக்கு மனசு வலித்த ஒன்று. எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி வாடகைக்கு இருந்த ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்து இரண்டாம் நாள் இறந்துவிட்டது. அது நடந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. கணக்கெடுப்புக்கு வந்தவள் அவளை வாசலிலேயே நிற்க வைத்து, பிறந்த குழந்தைகள் எத்தனை, உயிரோடு இருப்பது எத்தனை, பிறந்து அழுதுவிட்டு இறந்தது உண்டா என்று வரிசையாகக் கேட்டாள். குழாயடியில் குடத்தோடு நாலு பேர் நின்றார்கள். அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு எப்போது வந்தாலும் உள்ளே இருந்துகொண்டே யாரும் இல்லை என்பாள். வீட்டையும் மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அந்தக் கேள்வி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் ஆயிரம் குழந்தைக்கு 18.6 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறக்கின்றன, நாடு முழுக்க 35.2 என்று அதே 2019-21 கணக்கெடுப்பில் படித்தேன். அந்த எண்கள் இப்படிப் பெற்றுப் பறிகொடுத்த பெண்கள் வாயைத் திறந்து சொன்னதால் வந்தவை. ஒரு மூச்சு அழுதுவிட்டுப் போன குழந்தையையும் சேர்த்துக் கணக்கில் எடுக்க வேண்டும், இல்லையென்றால் அது பிறந்ததாகவே யாருக்கும் தெரியாது. அதனாலேயே அதை உள்ளே உட்கார்ந்து, கதவைச் சாத்தி, தண்ணீர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்க வேண்டும். எங்கள் வீடுகள் ஒரே அறைதான், உள்ளே இடமில்லை என்றால் வேறொரு நேரம் வரலாம், அங்கன்வாடிக்கு அழைத்துப் போகலாம். என் வீட்டுத் தையல் அறையைத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு தடவை பயன்படுத்திக்கொண்டார்கள். நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

நேரமும் மாற வேண்டும். காலை பதினொன்றுக்கு வந்தால் என்னைப் போல வீட்டில் இருக்கிறவர்கள்தான் கிடைப்பார்கள். எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போகிறவள், வீட்டு வேலைக்குப் போகிறவள், ஹவுஸ்கீப்பிங் போகிறவள், எல்லாருடைய வீடும் பூட்டு. பிள்ளை பாட்டியிடம் இருக்கும், பாட்டிக்குத் தடுப்பூசித் தேதி தெரியாது. மெட்ரோ வாட்டர் லாரி வரும் நேரத்தில் வந்தால் நானே எழுந்து ஓடிவிடுவேன். மூன்று தடவை வந்து பார்த்துவிட்டுப் "பூட்டிய வீடு" என்று எழுதிவிட்டால், வேலைக்குப் போகிற தாய்களே கணக்கில் வராமல் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவையாவது வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கதவு எண் இன்னொரு தொல்லை. அவர்கள் பட்டியலில் 14, 14ஏ, 14பி, 14சி என்று இருக்கிறது. மாடிப்படிக்கு அடியில் ஒரு குடும்பம் இருக்கிறது, மொட்டை மாடியில் ஷீட் போட்ட வீடு ஒன்று இருக்கிறது. இரண்டுக்கும் எண் இல்லை. மாடிப்படிக்கு அடியில் இருப்பவர்கள் பீகாரிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். போலியோ சொட்டு மருந்து கொடுக்க வருகிறவர்கள் ஒரு வீட்டையும் விடாமல் கதவில் சாக்பீஸால் எழுதிவிட்டுப் போவார்கள், அந்த மாதிரி முதலில் தெருவை முழுக்கச் சுற்றி வீடுகளை எண்ணிவிட்டுக் கேள்வியை ஆரம்பித்தால் நல்லது. கூட உள்ளூர் ஆள் ஒருவர் நடந்தால் இன்னும் நல்லது.

பணம் பற்றி: கணக்கெடுப்பில் பெயர் கொடுத்தால் காசு வரும் என்று சிலரும், ரேஷன் கார்டில் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று சிலரும் நினைக்கிறார்கள். இரண்டும் இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் வருகிற 18,000, அதில் 14,000 ரொக்கம், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம், அது நர்ஸம்மாவிடம் 12 வாரத்துக்குள் பதிவு செய்தால்தான். கணக்கெடுப்புப் பிள்ளைகள் இதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுவது நல்லது, சில பேர் சொல்வதில்லை.

கொடுக்கிற சீட்டு இப்போது தமிழில் இருக்கிறது, பெரிய எழுத்து, எங்கே போக வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. ஆனால் இரண்டு வருடமாக எங்கள் தெருவில் எடுத்ததில் என்ன தெரிந்தது என்று ஒரு தடவைகூட எங்களைக் கூட்டிச் சொல்லவில்லை. எத்தனை பிள்ளை மஞ்சளில் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரிந்தால் நாங்களும் ஏதாவது செய்வோம் அல்லவா? கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை.

நட்சத்திரம் கொடுக்கச் சொன்னால் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். என் மகளை அந்த ஒரு கேள்வி கண்டுபிடித்தது, அதற்கே நான்கு. ஐந்தாவது, இரண்டு வீடு தள்ளி இருந்த அந்தப் பெண்ணுக்காக நிறுத்தி வைத்திருக்கிறேன்.

அடுத்த சுற்று பொங்கல் கழித்து என்று சொல்லியிருக்கிறார்கள். மாடிப்படிக்கு அடியில் இருக்கிற பீகார்ப் பெண்ணுக்கு இப்போது ஐந்தாம் மாதம் இருக்கும் போல. எனக்கு இந்தி வராது, அவளுக்குத் தமிழ் அரைகுறை. கையைப் பிடித்து நர்ஸம்மாவிடம் கூட்டிக்கொண்டு போய்ப் பெயரைப் பதிந்துவிட்டேன். கணக்கெடுப்புப் பிள்ளைகள் வரும்போது விட்டுவிடக் கூடாது என்று, துணியில் கோடு போடுகிற சாக்கை எடுத்து அவள் தகரக் கதவில் 14டி என்று பெரிதாக எழுதி வைத்தேன். போன வாரம் மழையில் அழிந்துவிட்டது. மறுபடி எழுதியிருக்கிறேன்.